ரவாங்கின் விளக்கும் ஆசியாவின் வரலாறும்

ஆசிய வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவில் எழுபவை பேரரசுகளே. 1025ஆம் ஆண்டில் கடாரத்தை நோக்கிச் சென்ற இராசேந்திர சோழனின் கடற்படை, மலாக்காவில் நங்கூரமிட்ட மிங் அரசின் கப்பல்கள், துறைமுகத்துக்காகப் போரிட்ட போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் என்று அந்தப் பட்டியல் நீளும். இவை கற்கத்தக்கனவே. ஆயினும் ரவாங்கில் வாழும் ஒரு மாணவனுக்கு இவையெல்லாம் வேறு எங்கோ, வேறு எவர்க்கோ நிகழ்ந்தவையாகத் தோன்றுகின்றன. தன் ஊரைப் பற்றி அவன் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரே செய்திதான்: மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது இங்கே, 1894ஆம் ஆண்டில்.

இந்த ஒற்றை வரியைப் பெருமைக்குரிய செய்தியாக நாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சற்று நின்று, அந்த மின்சாரம் எதற்காக வந்தது, எவருடைய பணத்தில் வந்தது, எவருடைய வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டோமாயின், கடந்த நூற்றைம்பது ஆண்டு ஆசிய வரலாற்றின் பெரும்பகுதி இந்தச் சிற்றூரிலேயே நமக்கு அகப்படும்.

முதலில் ஊரின் பெயரைப் பார்ப்போம். 'ரவாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்று பொருள். பெயரிலேயே நீர் நிற்கிறது. ஈயத்தைத் தேடி இங்கு வந்தவர்களின் முதற்பகையும் இந்த நீர்தான். பூமியை அகழ அகழ ஊற்று பெருகும். மழை பெய்தால் குழி குளமாகும். சீனச் சுரங்கத் தொழிலாளர் தொடக்கத்தில் மரத்தாலான சங்கிலி இறைவையை நீர்ச்சக்கரத்தால் இயக்கி நீரை வெளியேற்றினர். பின்னர் 1870களின் இறுதியில் நீராவிப் பொறிகள் மலாயாவின் சுரங்கங்களுக்கு வந்தன. அவை ஆற்றல் மிக்கவை. ஆனால் அவற்றின் பசிக்கு விறகு போதவில்லை. சுரங்கத்தைச் சுற்றியிருந்த காடுகள் கொதிகலன்களுக்குள் சென்று மறைந்தன. விறகு கிடைக்கும் தொலைவு கூடக்கூடச் செலவும் கூடிற்று. அந்த நிலையில்தான் ரவாங்கில் இருவர் மின்னாக்கியை நிறுவி, மின்விசையால் நீரிறைக்கத் துணிந்தனர்.

ஆகவே ரவாங்கின் மின்சாரம் இருளைப் போக்குவதற்காக வாங்கப்பட்டதன்று. ஈயக் குழியின் நீரைப் போக்குவதற்காக வாங்கப்பட்டது. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் நாம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறோம்.

அந்த இருவரும் யாவர்? ஒருவர் லோக் யூ. தென்சீனத்தின் குவாந்துங் மாநிலத்தில் பிறந்து, சிறுவனாகவே மலாயாவுக்கு வந்து, கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, லாருட் ஈய வயல்களில் இழந்தும் ஈட்டியும், பின்னர் சிலாங்கூரின் பெருஞ்செல்வராக உயர்ந்தவர். மற்றவர் கா. தம்புசாமி பிள்ளை. 1850இல் சிங்கப்பூரில் பிறந்து, ஆங்கிலம் கற்று, ஒரு வழக்கறிஞரின் எழுத்தராகச் சிலாங்கூருக்கு வந்து, அரசுக் கருவூலத்தில் பணியாற்றி, பின்னர் வணிகத்தில் இறங்கியவர். கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்தையும் பத்துமலை முருகன் வழிபாட்டையும் நிறுவியவர் என்றே அவரை நாம் அறிவோம். 1893இல் விக்டோரியா கல்விக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் அறங்காவலருள் ஒருவராகவும் அவர் விளங்கினார். பத்துமலைக்கு ஆண்டுதோறும் செல்லும் நம்மவருள் எத்தனை பேர், அதே மனிதர் அதே சாலையில் வடக்கே சில கல் தொலைவில் ஓர் ஈயச் சுரங்கத்தின் பங்காளியாகவும் இருந்தார் என்பதை எண்ணிப் பார்த்திருப்போம்?

ஒரு தமிழரும் ஒரு சீனரும் மலாய் மன்னரின் நிலத்தில், ஐரோப்பியப் பொறியைக் கொண்டு, உலகச் சந்தைக்காக ஈயம் எடுத்தனர். அந்த ஈயம் பிரிட்டனின் ஆலைகளில் இரும்புத் தகட்டின்மீது பூசப்பட்டு, இறைச்சியையும் பாலையும் அடைக்கும் டின்களாக மாறி, அமெரிக்காவின் சமையலறைகள் வரை சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகில் கிடைத்த ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவினுடையது. 1871இல் சிங்கப்பூரைச் சென்னையுடனும் அதன்வழி இலண்டனுடனும் கடலடித் தந்தி இணைத்துவிட்டதால், இலண்டனில் ஈய விலை சரிந்த செய்தி சில மணி நேரத்தில் தீபகற்பத்தை எட்டியது. அக்கடலடிக் கம்பிகளின் மேல் உறையோ மலாயாக் காடுகளில் வடித்த 'கெத்தா பெர்ச்சா' மரப்பால். அந்தப் பாலை வடித்தவர்களுள் பலர் ஒராங் அஸ்லி மக்கள். உலகமயம் என்னும் சொல்லை நாம் அண்மைக் காலத்தில் கற்றுக்கொண்டோம். அந்தச் செயல் நம் காட்டு மரத்தின் பாலில் அன்றே தொடங்கிவிட்டது.

சுரங்கக் குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தென்சீனத்திலிருந்து வந்த ஹக்கா மக்கள். தோளில் காவடித் தடியும் இரு முனைகளில் கூடைகளுமாக, படி வெட்டிய மரத்தண்டின்மேல் ஏறியும் இறங்கியும் அவர்கள் மண்ணைச் சுமந்தனர். அவர்களுள் பலர் கப்பற்கட்டணக் கடனைத் தலைமேல் சுமந்து வந்தவர்கள். 1892இல் கோலாலம்பூரிலிருந்து ரவாங் வரை இருப்புப் பாதை நீண்டபோது, அதற்கு மண் வெட்டிக் கல் பரப்பியோருள் தமிழர் இருந்தனர். அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தார் அமர்ந்தனர். இந்தியத் தொழிலாளரை இப்பணிகளுக்கு வரவழைத்ததில் தம்புசாமி பிள்ளைக்கும் பங்குண்டு. அவருடைய பெயரில் கோலாலம்பூரில் தெரு உண்டு. லோக் யூவின் பெயரிலும் சாலை உண்டு. தண்டவாளம் இட்டவர்களுக்கும் கூடை சுமந்தவர்களுக்கும் அப்படி எதுவும் இல்லை. ஆண்டறிக்கைகளில் அவர்கள் தலைகளின் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சுகின்றனர்.

ஈயத்தை அடுத்து வந்தது இரப்பர். மோட்டார் வாகனம் பெருகியதும், ஏறத்தாழ 1910ஐ ஒட்டி இரப்பரின் விலை விண்ணை முட்டியதும், ரவாங்கைச் சூழ்ந்த குன்றுகளில் பால்மரங்கள் அணிவகுத்தன. அவ்வாண்டோடு ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத்திலிருந்து உரிமச் சீட்டுடன் தன் ஊருக்குத் திரும்பும் கங்காணி, உறவினரையும் ஊராரையும் முன்பணம் தந்து அழைத்துவருவான். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ தடுப்பு முகாமில் நாள் கழித்து, அவர்கள் தோட்டம் சேர்ந்தனர். கட்டணத்தைக் குடிநுழைவு நிதி ஏற்றுக்கொண்டபோதும், முன்பணக் கடனும் கங்காணியின் பிடியும் பலரை விட்டபாடில்லை. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இந்த வழி திறந்தே இருந்தது.

இங்கே மொழியாசிரியர்கள் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. எழுத்துச் சான்று குறைந்த மக்களின் வரலாறு அவர்களுடைய சொற்களில் ஒளிந்திருக்கிறது. சுரங்கத்தைக் குறிக்கும் மலாய் 'லொம்போங்' நம் நாவில் 'லம்பம்' ஆயிற்று. ஆங்கிலத்தின் 'லைன்' வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர் தந்தது. விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் படைமுறை அணிவகுப்பு 'பெரட்டு' என்று உருமாறியது. கணக்கெழுதுபவர் 'கிராணி', சீன முதலாளி 'தவுக்கே'. கொச்சை என்று இவற்றை ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. எந்த மொழியிடமிருந்து எந்தச் சொல்லைப் பெற்றோமோ, அந்தச் சொல்லின் பின்னே ஓர் அதிகார உறவு நிற்கிறது. ஏவியவன் ஆங்கிலத்தில் ஏவினான். அதனால் 'பெரட்டு' ஆங்கிலம். குழி வெட்டிய நிலம் மலாய் நிலம். அதனால் 'லம்பம்' மலாய்.

இனி விளக்குக்கு வருவோம். ஈயக் குழிக்கு 1894இல் வந்த மின்சாரம், தோட்டத்து லயத்துக்கு எப்போது வந்தது? துரையின் பங்களாவிலும் ஆலையிலும் மின்விளக்கு எரிந்த தோட்டங்களில்கூட, லய வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல தோட்டங்களில் ஆலையின் மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் மட்டுமே வீடுகளுக்கு ஒளி தந்தது. குறித்த நேரத்தில் அது நிற்கும், பிள்ளைகள் புத்தகத்தை மூடுவர். இன்று ஐம்பது, அறுபது வயதுடைய நம் ஆசிரியர்களுள் சிலர் அந்த வெளிச்சத்தில் படித்துத் தேறியவர்களே. விடியற்காலை பெரட்டுக்குச் செல்லும் தாய் இருட்டில் சோறாக்கியதை அவர்களிடம் கேட்டறியலாம். நீரை இறைத்தால் ஈயம் கிடைக்கும். ஆதலால் மின்சாரம் அங்கே விரைந்து வந்தது. கூலியின் பிள்ளை படித்தால் எவருக்கும் உடனடி ஆதாயம் இல்லை. ஆதலால் அங்கே அது தாமதித்தது. பொறுப்பாளர்களின் இரக்கமின்மை என்று மட்டும் இதனை விளக்கிவிட முடியாது. மின்கம்பி இலாபம் இருந்த பக்கமே நீண்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இது மேலும் விளங்கும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரையின் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த மிதிவண்டிக் கோரிக்கை நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. ஏனெனில் எட்டே மாதங்களில், 1942 ஜனவரியில், சிலிம் ரிவர் போரில் வென்ற ஜப்பானியப் படை ரவாங் வழியாகக் கோலாலம்பூரை நோக்கி இறங்கியது. அப்படையினருள் பலர் வந்தது மிதிவண்டியில். துரைமார் அதற்கு முன்பே தெற்கே சென்றுவிட்டனர்.

ஆசியா ஆசியர்க்கே என்று முழங்கி வந்தவர்கள், சயாம் மரண இரயில் பாதைக்கு ஆசியர்களையே இழுத்துச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பல்லாயிரக்கணக்கில் மாண்ட ஆசியத் தொழிலாளருள் மலாயாத் தோட்டத் தமிழர் மிகப் பலர். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் லாரிகள் சென்றன. நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்க்குப் பெயர்ப்பட்டியலே இல்லை. இங்கும் அதே கதைதான்: தண்டவாளம் இட்டவர்கள் மீண்டும் எண்ணிக்கையாயினர்.

போருக்குப் பின்னர் மாற்றம் விரைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, அதற்கு மாற்றாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 1985இல் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஈயக் குட்டைகளாக நீர் நிரம்பிக் கிடந்தன. ரவாங் என்ற பெயரின் பொருள் மீண்டும் மெய்யாயிற்று. பால்மரக் குன்றுகளில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன.

அதே காலத்தில் ஆசியாவின் வரைபடமும் திரும்பிக்கொண்டிருந்தது. 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1994இல், மின்னாக்கி நிறுவப்பட்ட நூறாவது ஆண்டில், ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் அமைந்த பெரோடுவா நிறுவனம், ஜப்பானின் டைஹட்சு தொழில்நுட்பத்துடன் கஞ்சில் காரை வெளியிட்டது. மிதிவண்டியில் வந்த நாட்டிலிருந்து ஐம்பதாண்டுகளில் வரைபடங்களும் பொறிகளும் வந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களின் முதற் கார் அதுவாகவே இருந்தது. 1995இல் மின்சாரக் கொமூட்டர் தொடர்வண்டிக்கு ரவாங் வடக்கு முனையாயிற்று. அன்று நீரிறைத்த மின்விசை, இன்று நம் பிள்ளைகளைக் கல்லூரிக்குச் சுமக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு பணியை நாம் பரிந்துரைக்கிறோம். தம் வீட்டு முதியவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதி வரட்டும்: நம் குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்தது, அங்கு முதல் மின்விளக்கு எப்போது எரிந்தது, அன்று வீட்டில் யார் யார் இருந்தனர். சீன, மலாய் நண்பர்களும் தம் வீடுகளில் இவற்றைக் கேட்கலாம். ஈயக் குட்டை, கம்பம், லயம் மூன்றும் ஒரே தாளில் வந்து சேரும். விடை சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை ஆசிரியர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை.

அத்துடன் மாலையில் ரவாங் தொடர்வண்டி நிலையத்தில் சற்று நேரம் நின்று பார்க்கவும் சொல்லலாம். தொழிற்சாலை வேலை முடிந்து வரும் நேப்பாளியரும் வங்காளதேசத்தவரும் மியன்மார் நாட்டவரும் அங்கே கைப்பேசியில் வீட்டாருடன் பேசிக்கொண்டிருப்பர். முகவர்க்குத் தந்த பணத்துக்காகப் பட்ட கடனை அடைக்கவே அவர்களுள் பலருக்கு முதலாண்டுகள் கழிகின்றன. அவர்கள் தங்கும் அறைகளைக் குறிக்க நம்மிடையே என்ன சொல் வழங்குகிறது என்பதையும் மாணவர்கள் குறித்து வரட்டும்.