சுயேச்சை முதல் நோட்டா வரை: கட்சி சாராதோருக்குத் தேர்தல் சட்டம் தந்த இடம்

எந்தக் கட்சியின் கொள்கையோடும் ஒத்துப்போக முடியாத குடிமக்களுக்கு இந்தியத் தேர்தல் முறை இரண்டு வழிகளை வகுத்திருக்கிறது. கட்சிச் சார்பில்லாத சுயேச்சையாகப் போட்டியிடுவது அல்லது அவ்வாறு நிற்பவருக்கு வாக்களிப்பது முதல் வழி. களத்தில் உள்ள எவரையும் ஏற்கவில்லை என்று பதிவு செய்வது இரண்டாம் வழி. குடியரசின் தொடக்க ஆண்டுகளில் முதல் வழி அகலமாக இருந்தது, இரண்டாவதற்கோ வாக்குச்சீட்டில் இடமே இருக்கவில்லை. அடுத்து வந்த அறுபது ஆண்டுகளில் முதலாவது படிப்படியாகக் குறுக்கப்பட்டு, இரண்டாவது திறந்துவிடப்பட்டது.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் அவருடைய சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் சீட்டில் எந்தக் குறியும் இடாமல், தாம் விரும்பியவரின் பெட்டியில் போட்டால் போதும். நாடறிந்த காங்கிரசின் பெட்டியும் ஊரறிந்த ஒருவரின் பெட்டியும் ஒரே மறைவிடத்தில் அருகருகே இருந்த அத்தேர்தலில் 37 சுயேச்சைகள் மக்களவைக்குச் சென்றனர். 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 62 சுயேச்சைகள் வென்றனர். 152 இடங்களோடு நின்றுவிட்ட காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. 1957இல் மக்களவைச் சுயேச்சைகளின் எண்ணிக்கை 42 ஆயிற்று. அந்த அளவை அது பின்னர் எட்டவே இல்லை.

எனினும், சுயேச்சை என்ற பட்டியலில் இடம்பெற்ற அனைவரும் கட்சியற்றவர்கள் அல்லர். 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய திராவிட முன்னேற்றக் கழகம் அப்போது அங்கீகாரம் பெறாத கட்சியாதலால், காஞ்சிபுரத்தில் வென்ற அண்ணாதுரையும் குளித்தலையில் வென்ற கருணாநிதியும் சட்டத்தின் கணக்கில் சுயேச்சைகளே ஆவர். சொந்தக் கட்சியில் இடம் மறுக்கப்பட்டவர்களும் இப்பட்டியலில் சேர்ந்தனர். 1967இல் காங்கிரஸ் வாய்ப்பளிக்க மறுத்ததால் பம்பாயில் தனித்து நின்று தோற்ற வி. கே. கிருஷ்ண மேனன், இடதுசாரிகளின் ஆதரவோடு 1969இல் மிதுனாப்பூரிலும் 1971இல் திருவனந்தபுரத்திலும் சுயேச்சையாகவே வென்றார். ஆக, புதிய கட்சி உருவாவதற்கும் பழைய கட்சியிலிருந்து விலகி நிற்பதற்கும் சுயேச்சை என்ற நிலை இடைவழியாகப் பயன்பட்டது.

இந்த இடைவழியை முதலில் நெருக்கியது 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம். சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஏதேனும் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி இழப்பார் என்று அது விதித்தது. அடுத்த நெருக்கடி 1996இல் வந்தது. அவ்வாண்டுத் தமிழகச் சட்டமன்றத் தேர்தலில், தங்கள் கோரிக்கைகள் கவனிக்கப்படாததைக் காட்ட விவசாயிகள் திரளாக மனுச்செய்ததால், ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட நேர்ந்து, வாக்குப்பதிவும் தள்ளிப்போயிற்று. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் நின்ற சுயேச்சைகள் 10,635 பேர். வென்றவர்கள் 9 பேர்.

அவ்வாண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைப் பெறாதவர் இழக்கும் வைப்புத்தொகை மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும், சட்டமன்றத்துக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும் என்றிருக்க, சுயேச்சைக்குப் பத்துப் பேர் தேவைப்பட்டனர். வாக்குச்சீட்டிலும் கட்சி வேட்பாளர்களுக்குப் பின்னரே அவர் பெயர் வந்தது. 1998இல் மக்களவைக்கு நின்ற சுயேச்சைகள் 1,915 பேராகக் குறைந்தனர். சட்ட ஆணையமோ 1999இலும் 2015இலும் அளித்த அறிக்கைகளில் சுயேச்சைகளை அறவே தடைசெய்யப் பரிந்துரைத்தது, அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை.

இரண்டாம் வழியின் தொடக்கம் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட '49-ஓ' என்னும் விதியில் இருக்கிறது. வாக்குச்சாவடிப் பதிவேட்டில் கையொப்பமிட்ட பிறகு வாக்களிக்க விரும்பாதவர் அதைத் தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் 17ஏ படிவத்தில் அந்தப் பெயருக்கு நேரே குறிப்பெழுதி, மீண்டும் கையொப்பமோ கைநாட்டோ பெறுவார். கட்சிகளின் முகவர்கள் பார்த்திருக்க நடக்கும் இச்செயலில் மறுப்பு மறைவாக இருக்க வழியில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2013 செப்டம்பர் 27 அன்று இக்குறையைச் சுட்டி, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தில் தனிப்பொத்தான் அமைக்க ஆணையிட்டது. மேலே உள்ள எவருக்கும் வாக்கில்லை என்று பொருள்படும் 'நோட்டா' இவ்வாறு பிறந்தது.

மறுப்பு இரகசியமாயிற்று, எண்ணப்படவும் செய்தது. ஆனால் முடிவை மாற்றும் வலு அதற்குத் தரப்படவில்லை. செல்லத்தக்க வாக்காகக் கொள்ளப்படாததால், வைப்புத்தொகைக் கணக்கிலும் அது சேராது. 2014இல் நீலகிரியில் 46,559 பேரும், காங்கிரஸ் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்ட இந்தூரில் 2024இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரும் அதை அழுத்தினர், முடிவில் மாற்றமில்லை. 2017 டிசம்பரில் நடந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நோட்டா 2,373 வாக்குகள் பெற்று, 1,417 வாக்குகள் பெற்ற பாரதிய ஜனதாவை முந்தியது. அங்கே வென்ற டி.டி.வி. தினகரனும் சுயேச்சைதான், சில மாதங்களில் அவர் தனிக்கட்சி தொடங்கியதைப் பார்க்கும்போது, பின்னால் அணியொன்று திரண்டிருக்கும் சுயேச்சைக்கே சட்டமன்ற வாயில் எளிதில் திறக்கிறது என்ற 1957இன் பாடம் மீண்டும் உறுதிப்படுகிறது.

கட்சி சாராதவருக்குச் சட்டம் இன்று எளிதில் அளிப்பது பிரதிநிதித்துவம் அன்று, மறுப்பைப் பதிவு செய்யும் உரிமையே. மகாராஷ்டிர, ஹரியாணா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் ஒரு படி மேலே சென்று, நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் நடத்தப்படும் என்று அறிவித்தன. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கும் அவ்விதி வராதவரை, கட்சிகள் தங்கள் வேட்பாளர் தேர்வை மாற்றிக்கொள்ளத் தேர்தல் கணக்கில் எந்தக் கட்டாயமும் இல்லை.