சொல்லின்றிக் கைமாறும் செங்கோல்

இலண்டன் பெருநகரின் நடுவே, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்பே கொண்ட பழைய நகரொன்று இன்றும் தனி ஆட்சியோடு விளங்குகிறது. அதன் தலைவர் லார்டு மேயர். 2000ஆம் ஆண்டில் தோன்றிய பெருநகர மேயர் வேறு, இவர் வேறு.

1215 மே திங்களில், பிரபுக்களின் பகையால் நெருக்குண்ட ஜான் மன்னன், ஆண்டுதோறும் மேயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையை நகரத்தார்க்குப் பட்டயமாக வழங்கினான். தேர்ந்தவர் அரசன்முன் உண்மை உறுதி கூறவேண்டும் என்பது நிபந்தனை. நகரமோ சில நாள்களிலேயே அவன் பகைவர்க்குக் கதவு திறந்தது! நன்றி கொன்றார் எனலாம். ஆனால் அச்சத்தில் பிறந்த கொடைக்கு எவ்வளவு நன்றி தகும்? அடுத்த திங்களில் பிறந்த மாக்னா கார்ட்டாவைக் காக்க அமைந்த இருபத்தைவருள் இலண்டன் மேயரும் ஒருவர்.

ஆயினும் அந்த உறுதிமொழிப் பயணம் நிற்கவில்லை. முன்னாளில் தேம்ஸ் ஆற்றில் படகேறிச் சென்றனர். இன்று 1757இல் செய்த பொற்றேரில், நவம்பர்தோறும், நீதிபதிகள்முன் செல்கின்றனர். மக்கள் திரண்டு காண்பது அவ்வூர்வலத்தையே.

கவிஞர் கருதத்தக்கதோ அதற்கு முன்தினம் கில்டுஹால் மண்டபத்தில் நிகழ்வது. புதியவர் கூறும் உறுதிமொழி ஒன்றைத் தவிர அவையில் பேச்சே இல்லை. செங்கோலும் முத்திரையும் வாளும் வணக்கங்களோடு மௌனமாகக் கைமாறுகின்றன. பழையவர் எழுந்து தம் இருக்கையைப் புதியவர்க்கு விடுகிறார்.