தமிழ்த் திரைப்படங்களில் பழைய படங்களின் நினைவூட்டல்

ரசிகர்கள் முன்பே அறிந்த ஒரு படத்தின் காட்சி, வசனம், பாடல், உடை, பெயர் ஆகியவற்றுள் ஒன்றைப் புதிய படத்தில் வேண்டுமென்றே மீண்டும் கொண்டுவருவது நினைவூட்டல் ஆகும். ரசிகர்கள் பேச்சில் இது 'ரெஃபரன்ஸ்' என்று வழங்குகிறது. கதைக்குத் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரசிகர்களை மகிழ்விக்கவென்றே வைக்கப்படும் காட்சிகளை 'ஃபேன் சர்வீஸ்' என்கின்றனர். ஜப்பானிய அனிமே ரசிகர்களிடையே பரவிய சொல் இது. கவர்ச்சிக் காட்சிகளைக் குறிக்கவும் அங்கே இச்சொல் பயன்படுவதுண்டு. சொல் புதியது என்றாலும், தமிழ்த் திரையுலகில் இந்தப் பழக்கத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அனிமேவும் தமிழ்ப் படமும்

நீண்ட காலமாக வெளிவரும் அனிமே தொடர்களில் பழைய நினைவுகளைத் தாங்கி நிற்பது கதாபாத்திரம் ஆகும். அகிரா தோரியாமாவின் 'டிராகன் பால்' 1984-இல் படக்கதையாகவும் 1986-இல் அனிமேயாகவும் தொடங்கியது. 2024-இல் வந்த 'டிராகன் பால் டைமா' தொடரில் நாயகன் கோகு மறுபடியும் சிறுவனாக மாறுகிறான். முதல் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உருவமே ஒரு நினைவூட்டல். 1997-இல் தொடங்கிய 'போக்கிமான்' அனிமேயில் ஆஷின் பயணம் 2023-இல் முடிவுக்கு வந்தபோது, பழைய தோழர்கள் மீண்டும் கதைக்குள் வந்தனர்.

தமிழிலும் தொடர் படங்கள் உண்டு. 'சிங்கம்' (2010, 2013, 2017), 'முனி' (2007) படத்திலிருந்து வளர்ந்த 'காஞ்சனா' வரிசை, 2014 முதல் வரும் 'அரண்மனை' வரிசை ஆகியவை எடுத்துக்காட்டுகள். ஆயினும் தமிழ் ரசிகர்களின் நினைவு கதாபாத்திரத்தைவிட நடிகரையே பெரிதும் சார்ந்துள்ளது. ஒரே நடிகர் நடித்த, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐம்பது படங்களையும் ரசிகர்கள் ஒரே நீண்ட தொடராகவே பார்க்கின்றனர். தமிழ்த் திரையில் நினைவூட்டல் எடுத்த வடிவங்களைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும்.

கூத்தில் இருந்த முன்வடிவம்

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களை உள்ளடக்கிய நடுநாட்டுப் பகுதி தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வழியாக வடலூர் செல்லும் சாலையில் உள்ள காடாம்புலியூரும் இப்பகுதியைச் சேர்ந்தது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கதைகள் இரவு முழுவதும் கூத்தாக ஆடப்படும். கட்டியக்காரன் வேடக்காரரை அறிமுகம் செய்வான். வேடக்காரர் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று தம் பெருமையைப் பாடிய பிறகே சபைக்கு முகம் காட்டுவார்.

கூடியிருப்போர் அனைவரும் துரியோதனன் கதையை அறிந்தவர்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு முக்கியமன்று. தெரிந்ததை இன்றைய ஆட்டக்காரர் எப்படிக் காட்டுகிறார் என்பதே சுவை. திரைப்படத்தில் நாயகனின் காலையும் கையையும் முதலில் காட்டி, முகத்தைத் தாமதமாகக் காட்டும் 'என்ட்ரி' காட்சியையும் மக்கள் இதே மனநிலையோடுதான் பார்க்கின்றனர்.

எம்.ஜி.ஆர். காலம்

ஒரு நடிகரின் படங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழக்கத்தை எம்.ஜி.ஆர். படங்களில் தெளிவாகக் காணலாம். 'நாடோடி மன்னன்' (1958) படத்தைத் தயாரித்த எம்ஜியார் பிக்சர்ஸின் சின்னத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியை ஏந்தி நிற்பர். ஏழைகளுக்கு உதவுதல், தாய்ப்பாசம், மது அருந்தாமை ஆகிய பண்புகள் படத்துக்குப் படம் தொடர்ந்தன. 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் அவர் கையில் சாட்டையுடன் பாடும் காட்சி கதையைக் கடந்து அவருடைய அடையாளமாகவே நிலைத்தது. 1972-இல் அவர் தனிக்கட்சி தொடங்கினார், 1977-இல் முதலமைச்சரானார்.

எம்.ஜி.ஆர். 1987-இல் மறைந்தார். அவர் நடித்து முடிவடையாமல் நின்ற 'அண்ணா நீ என் தெய்வம்' படத்தின் காட்சிகளைத் தம் 'அவசர போலீஸ் 100' (1990) படத்தில் கே. பாக்யராஜ் சேர்த்துக்கொண்டார். மறைந்த நாயகனைப் புதிய கதைக்குள் நடமாட வைத்து, ரசிகர்களுக்கு ஒருமுறை மீண்டும் காட்டிய முயற்சி அது.

'சூப்பர் ஸ்டார்' எழுத்துகள்

ரஜினிகாந்துக்கு 'சூப்பர் ஸ்டார்' பட்டம் 'பைரவி' (1978) படத்தின் விளம்பரத்தில் வந்தது. 'அண்ணாமலை' (1992) படத்தில் இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா அந்தப் பட்டத்துக்குத் தனி எழுத்துக்காட்சி அமைத்தார். புள்ளிகளாகத் தோன்றும் எழுத்துகளும் தேவாவின் இசையும் அடுத்தடுத்த படங்களிலும் தொடர்ந்தன. இயக்குநர், இசையமைப்பாளர், கதை என எது மாறினாலும் அந்தச் சில நொடிகள் மாறவில்லை. தனித்தனிப் படங்களை ஒரே தொடராகக் கட்டிய நூல் என்று அதைச் சொல்லலாம்.

2000-க்குப் பின் மறுஆக்கமும் ரீமிக்ஸும் பெருகின. ரஜினி நடித்த 'பில்லா' (1980) அஜித் நடிப்பில் 2007-இல் மீண்டும் வந்தது. பழைய படத்தின் புகழ்பெற்ற பாடலை யுவன் சங்கர் ராஜா புதிய ஒலியில் தந்தார். அதே ஆண்டு வெளியான 'அழகிய தமிழ் மகன்' படத்தில், சிவாஜி கணேசன் நடித்த 'சொர்க்கம்' (1970) படத்தின் பாடல் ஏ.ஆர். ரகுமான் இசையில் ரீமிக்ஸ் ஆனது.

ரசிகர்களின் இந்த நினைவைக் கேலிக்குப் பயன்படுத்தியது சி.எஸ். அமுதன் இயக்கிய 'தமிழ்ப் படம்' (2010). சிவா நடித்த இப்படம், பல காலம் திரும்பத் திரும்ப வந்த நாயக வழக்கங்களை வரிசையாக நகைத்தது. மூலப் படங்களைப் பார்த்தவருக்கே சிரிப்பு முழுமையாகக் கிடைக்கும். அவ்வளவு பழைய நினைவு மக்களிடம் சேர்ந்திருந்தது என்பதை இதன் வெற்றி காட்டியது.

ரசிகரே இயக்குநர் ஆன காலம்

2010-க்குப் பிறகு இயக்க வந்தவர்களில் பலர் தாம் இயக்கும் நடிகருக்கே சிறுவயதிலிருந்து ரசிகராக இருந்தவர்கள். இத்தகைய படங்கள் 'ஃபேன்பாய் படம்' எனப் பெயர் பெற்றன. கார்த்திக் சுப்பராஜின் 'பேட்ட' (2019) அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் முடிவில் 'முள்ளும் மலரும்' (1978) படத்தின் பாடல் ஒலிக்கிறது. நாயகன் இராமனா, இராவணனா என்ற கேள்வியோடு முடியும் கதைக்கு அப்பாடல் பொருந்துகிறது. பழைய படத்தைப் பார்க்காதவருக்கும் காட்சியின் பொருள் குறைவதில்லை.

லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' (2022), எழுத்தாளர் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' (1986) படத்தின் பெயரையும் நாயகனையும் மீண்டும் எடுத்துக்கொண்டது. உடன், லோகேஷின் 'கைதி' (2019) படத்தின் பாத்திரங்களும் இதில் வந்தனர். இவ்வகையில் நடிகரின் நினைவும் அனிமே தொடர்களைப் போன்ற கதையுலகின் நினைவும் ஒரே படத்தில் சேர்ந்தன. முதுமையடைந்த உளவாளி, மகனை இழந்த தந்தை என்ற புதிய துயரம் கதைக்கு இருந்ததால், பழைய பெயர் வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை.

எல்லா முயற்சிகளும் அவ்வாறு அமையவில்லை. 'இந்தியன்' (1996) படத்தின் தொடர்ச்சியாக 28 ஆண்டுகள் கழித்து 'இந்தியன் 2' (2024) வந்தது. சேனாபதியின் முதிய தோற்றமும் வர்மக் கலையும் திரும்பின. ஆனால் முதல் படத்தில் லஞ்சம் வாங்கிய சொந்த மகனையே தண்டிக்கும் தந்தையின் மனப்போராட்டம் இருந்தது. அதற்கு இணையான நெருக்கடி இரண்டாம் படத்தில் இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. அடையாளங்கள் திரும்பினாலும், அவற்றுக்கு முன்பு வலு கொடுத்த சிக்கல் தானாகத் திரும்பாது என்பதற்கு இது சான்று.

நெய்வேலி செல்ஃபி

விஜய் நடித்த 'மாஸ்டர்' படத்தின் படப்பிடிப்பு 2020 பிப்ரவரியில் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் நடந்தது. பிப்ரவரி 5 அன்று வருமான வரித் துறையினர் அங்கு வந்து, விசாரணைக்காக விஜயைச் சென்னைக்கு அழைத்துச் சென்றனர். அவர் திரும்பி வந்து படப்பிடிப்பைத் தொடர்ந்தபோது சுற்றுவட்டார ரசிகர்கள் திரண்டனர். விஜய் ஒரு வாகனத்தின் மேல் ஏறி, கூட்டம் பின்னணியில் தெரியும்படி செல்ஃபி எடுத்தார். நெய்வேலிக்கு நன்றி சொல்லி அவர் வெளியிட்ட அப்படம், 2020-இல் இந்தியாவில் மிக அதிகமாக மறுபகிர்வு செய்யப்பட்ட பதிவு என ட்விட்டர் நிறுவனம் அறிவித்தது.

2024 பிப்ரவரியில் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கினார். அவருடைய கடைசிப் படம் என்று அறிவிக்கப்பட்ட, எச். வினோத் இயக்கிய 'ஜன நாயகன்' படத்தின் முதல் சுவரொட்டி 2025 ஜனவரி 26 அன்று வெளியானது. அதில் அவர் மக்கள் கூட்டத்தோடு செல்ஃபி எடுக்கும் தோற்றம் இருந்தது. நெய்வேலிப் படம் ரசிகர்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது. அதே நாளில் வந்த மற்றொரு சுவரொட்டியில் அவர் கையில் சாட்டை இருந்தது. இது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்தைச் சுட்டியது.

இவ்விரண்டு சுவரொட்டிகளும் நினைவூட்டலின் இரு திசைகளைக் காட்டுகின்றன. ஒன்று வேறொரு நடிகரின் திரைக்காட்சியைக் கடன் வாங்கியது. மற்றொன்று திரைக்கு வெளியே உண்மையில் நடந்த நிகழ்வைப் படத்துக்குள் கொண்டுவந்தது. முதல் செல்ஃபியில் இருந்தவர்கள் துணை நடிகர்கள் அல்லர். நெய்வேலியிலும் அதைச் சுற்றியும் இருந்து வந்த மக்கள். அவர்கள் கூடி உருவாக்கிய காட்சியே பின்னர் சுவரொட்டிக்குப் பொருளாயிற்று.

நினைவு யாருடையது?

பழைய பாடல்களைப் புதிய படங்களில் ஒலிக்க விடுவது இன்று நினைவூட்டலின் முதன்மை வடிவமாகியுள்ளது. 'விக்ரம்' (2022) படத்தில் 'அசுரன்' (1995) படப் பாடலும், 'லியோ' (2023) படத்தில் 'ஏழையின் சிரிப்பில்' (2000) படப் பாடலும் இடம்பெற்று, இளைய தலைமுறையிடம் மீண்டும் புகழ் பெற்றன. கொடைக்கானல் குகையைக் களமாகக் கொண்ட 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) என்ற மலையாளப் படம் 'குணா' (1991) படத்தின் பாடலைப் பயன்படுத்தியது. இதற்கு இளையராஜா சார்பில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்பட்டது.

ஆதிக் ரவிச்சந்திரன் இயக்கத்தில் அஜித் நடித்த 'குட் பேட் அக்லி' (2025), அஜித்தின் முந்தைய படங்களைப் பற்றிய குறிப்புகளால் நிறைந்தது. அதில் தம் பாடல்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக இளையராஜா வழக்குத் தொடர்ந்தார். இசை நிறுவனங்களிடம் அனுமதி பெற்றதாகத் தயாரிப்புத் தரப்பு கூறியது. 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பாடல்களைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. ரசிகர் தம் இளமை நினைவாகக் கருதும் பாடல், சட்டத்தின் பார்வையில் ஒருவரின் படைப்பு, மற்றொருவரின் வணிக உரிமை.

பாடலைத் தாண்டி, மறைந்தவரின் உருவமும் இன்று நினைவூட்டலுக்குப் பயன்படுகிறது. 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' (2024) படத்தில், 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்த் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தோன்றுகிறார். 'செந்தூரப்பாண்டி' (1993) படத்தில் இளம் விஜயுடன் அவர் நடித்ததை அறிந்தவர்களுக்கு அக்காட்சி நன்றிக்கடனாகத் தெரிந்தது. இதற்குக் குடும்பத்தாரின் ஒப்புதல் பெறப்பட்டது. 1990-இல் பாக்யராஜ் பயன்படுத்தியது எம்.ஜி.ஆர். உண்மையாகவே நடித்த காட்சிகளை. இங்கோ நடிகர் நடிக்காத காட்சி உருவாக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதன்று.

முடிவுரை

தெரிந்த ஒன்றை மீண்டும் காணும் மகிழ்ச்சியைக் கூத்துக் களம் முன்பே அறிந்திருந்தது. திரைப்படம் அம்மகிழ்ச்சியைக் கதையிலிருந்து நடிகருக்கு மாற்றியது. நடிகரோ அதை அரசியல் மேடைவரை கொண்டுசென்றார். 'பேட்ட', 'விக்ரம்' ஆகிய படங்களில் பழைய நினைவு புதிய கதைக்கு உதவியது. அந்த உதவி இல்லாத இடத்தில், கைதட்டல் முடிந்தவுடன் காட்சியும் முடிந்துவிடுகிறது. எந்த நினைவூட்டலுக்கும் மூலதனம், பல ஆண்டுகளாகத் திரையரங்குக்கு வந்த மக்களின் நினைவே. நெய்வேலி செல்ஃபியில் நடிகருக்குப் பின்னால் பெயர் தெரியாமல் நிற்பவர்கள் அவர்களே.