கரியாலூர்ப் பாதையில் பழைய ஜீப்புகள்

ஒரு பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அங்கு ஆண்டவரையும் கோயில் எடுப்பித்தவரையும் வரி விதித்தவரையும் அணை கட்டியவரையும் தேடித் தேடிப் பெயர் குறிப்பதுண்டு. ஆனால் அப்பிரதேசத்து விளைபொருள் எதன்மீது ஏறிச் சந்தையை அடைந்தது, அந்த வாகனத்தைப் பழுது நீக்கி ஓட வைத்த கைகள் யாருடையவை என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படாமலே போய்விடுகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை அடுத்து மேலேறும் பாதையில் வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் செல்பவர் அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது என்பது என் அபிப்பிராயம். இம்மலையின் அண்மைக் காலச் சரித்திரத்தில் பெரும்பகுதி, தலையிலிருந்த சுமை சக்கரத்தின்மேல் ஏறிய சரித்திரமேயாகும்.

கல்வராயன் மலைத்தொடர் ஏறக்குறைய 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்து, சேலத்துக்கும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவுக்கும் எல்லையாக நிற்பது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவரென்றும், சகோதரர் மூவரில் ஒருவர் இம்மலையிலும் ஏனையோர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினரென்றும் வழிவழியாகச் சொல்லிவரும் ஐதிகம் உடையவர். தென்னார்க்காட்டுப் பக்கத்து மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது. நாடு சுதந்திரம் பெற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஜாகிர்தார்களுக்கு வரியும் ஊதியமில்லா உழைப்பும் செலுத்திவந்த இந்த மக்கள், 1976-ஆம் ஆண்டில்தான் நேராகச் சர்க்கார் நிர்வாகத்தின்கீழ் வந்தனர். ஜாகிர் நிலமாயிருந்த இடத்தில் சாலை போட எந்த இலாகாவும் முந்திக்கொண்டு வந்ததில்லை. ஆகவே கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் நெடுங்காலம் தலைச்சுமையாகவே அடிவாரத்துக்கு இறங்கின. சுமந்து இறங்கியவன் அன்றே மீண்டும் ஏற முடியாதாதலால், வியாபாரி சொன்ன விலைக்கு விற்றுவிட்டுத் திரும்புவதைத் தவிர அவனுக்கு வேறு கதி இருந்ததில்லை. வாகனமின்மையின் உண்மையான விலை அதுதான்.

இம்மலையின் வாழ்வை மாற்றிய இரண்டு பொருள்கள் ஒரே யுத்தத்தில் பிறந்தவை என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. அதற்கு ஈடாக 1943-இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினர். அத்தொழில் ஆத்தூர், சின்னசேலம் பக்கமெல்லாம் பரவி, மழையை மட்டும் நம்பிய மலைச்சரிவுகளுக்கும் மரவள்ளி ஏறிற்று. மற்றொரு பொருள் ஜீப். அமெரிக்காவில் 1940-இல் பாண்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்துகாட்ட, வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து போர் முடியும் முன் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை வெளியிட்டன. அவற்றுள் பல அஸ்ஸாம், பர்மா எல்லைகளுக்கு வந்திறங்கின; யுத்தம் முடிந்ததும் எடுத்துச் செல்ல விரும்பாத உபரிச் சாமான்களாக விற்கப்பட்டு நம் நாட்டுச் சாமானியரின் கைக்கு வந்தன.

பிறகு ஜீப்புகள் இங்கேயே பூட்டப்பட்டன. 1945-இல் மகிந்திரா அண்டு முகம்மது என்ற பெயருடன் தொடங்கிய நிறுவனத்தின் பங்காளி குலாம் முகம்மது, தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதி மந்திரியாகச் சென்றுவிட்டார். 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம், வில்லிஸ் கம்பெனியின் அனுமதியுடன் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்றது. வில்லிஸ் 1953-இல் வெளியிட்ட சி.ஜே. 3பி என்னும் உயரமான பானெட் கொண்ட மாதிரியே நம் நாட்டில் மிக நெடுங்காலம் செய்யப்பட்டது. உள்வால்வு ஹெட்டிலும் வெளிவால்வு பிளாக்கிலும் அமைந்ததால் எஞ்சின் உயர்ந்து, அதற்கு இடங்கொடுக்க பானெட்டும் உயர்ந்தது. இன்று பழைய ஜீப்பைத் தூரத்திலேயே அடையாளம் காட்டும் அந்த நெற்றி, அழகுக்காக அமைந்ததன்று.

மலைக்கு இந்த வண்டி ஏன் பொருந்திற்று என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். மூன்று கியர் கொண்ட பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற இரண்டாம் பெட்டி ஒன்று உண்டு. அதன் குறைவேக நிலையும், முதல் கியரும், ஆக்ஸிலில் 5.38-க்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த கிரவுன் பினியனும் சேர்ந்தால், எஞ்சின் ஏறத்தாழ 37 சுற்றுச் சுற்றியபின்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். மனிதன் நடக்கும் வேகத்தில், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒருங்கே இழுக்க, மழையில் அரித்த மண்பாதையிலும் பாறைப் படிகளிலும் அது ஏறிவிடும். ஆயினும் ஏறும் திறமையைக் காட்டிலும் பழுது பார்ப்பதற்கு அது இசைந்து கொடுத்த தன்மையையே நான் பெரிதாக மதிக்கிறேன். அடியிலே ஒரு தனிச் சேசிஸ். அதன்மேல் போல்ட்டுகளால் நிற்கும் பாடி. வளைவுகள் அதிகமில்லாத தகடு. ஆகவே துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்து, கடைத்தெருவில் கிடைக்கும் தகட்டைச் சுத்தியலால் மடக்கி வெல்டு வைத்துவிட ஒரு சாதாரண டிங்கரிங் பட்டறை போதும். எஞ்சினை இறக்குவதற்கு மரக்கிளையும் செயின் பிளாக்கும் போதும். தேய்ந்த புஷ்ஷை லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். பேட்டரி இறந்தால் முன்புறத் துளையில் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம்.

இப்படிப்பட்ட வண்டி மலைநாட்டு விவசாயியிடம் புதிதாக வந்து சேர்வது அரிது. வனத்துறையும் பொதுப்பணித் துறையும் ஏனைய இலாகாக்களும் அக்காலத்தில் ஜீப்பையே நம்பின; வயது முடிந்த வண்டிகள் கண்டம் ஆனவை என்று ஒதுக்கப்பட்டு ஏலத்துக்கு வரும். அதிகாரியைச் சுமந்து வாழ்ந்த வண்டி, ஏலத்தில் எடுக்கப்பட்ட பிறகே கிழங்கு சுமக்கும் இரண்டாவது ஜன்மத்தை அடைந்தது. பின்பக்க இருக்கைகளையும் கூட்டையும் அறுத்தெடுத்து, ஆங்கிள் இரும்பும் தகடும் கொண்டு திறந்த தொட்டி கட்டுவார்கள். 80 அங்குல நீளமே உள்ள சக்கர இடைவெளியில் தொட்டி சிறியதாகவே அமையுமாதலால், சிலர் சேசிஸை நடுவில் அறுத்துத் துண்டு சேர்த்து, உள்ளே பட்டை கொடுத்து வெல்டு வைத்து நீட்டுவதும் உண்டு. அவ்வாறு நீட்டும்போது பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ஷாஃப்ட்டையும் நீட்டி, அது ஆடாதபடி எடை சமன் பார்க்க வேண்டும். பிரேக் பைப்பையும் நீட்ட வேண்டும். கமான் பட்டைகளில் ஒன்றிரண்டு கூட்ட வேண்டும். இவற்றில் ஒன்றைக் குறைத்துச் செய்த வண்டி, முதல் கொண்டையூசி வளைவிலேயே தன் குறையைச் சொல்லிவிடும். கம்பெனியே பிக்கப் வகைகளைச் செய்து விற்றதுண்டு. முகப்பிலேயே ஓட்டுநர் இருக்கை அமைந்த எஃப்.சி. 150 என்பது 1960-களின் இடையில் வந்தது. எனினும் ஏலத்து ஜீப்பின் விலைக்கு அது ஈடாகுமா?

அடுத்த மாற்றத்துக்குக் காரணம் எங்கோ மேற்காசியாவில் நேர்ந்தது. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்து பெட்ரோல் எட்டாப் பொருளானதும், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றும் வேலை நாடெங்கும் பட்டறைகளின் பிரதான வேலையாயிற்று. இது போல்ட் கழற்றிப் போல்ட் பூட்டும் காரியமன்று. டீசல் எஞ்சின் எடை கூடியது, ஆகவே முன்பக்கப் பட்டையை மாற்ற வேண்டும். அதிகம் அதிர்வது, ஆகவே அதைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளைப் புதிதாக அமைக்க வேண்டும். அழுத்தத்தினால் எரிவது, ஆகவே பழைய ஆறு வோல்ட் மின்சாரத்தை விடுத்துப் பன்னிரண்டு வோல்ட்டும் பலமான ஸ்டார்ட்டரும் வைக்க வேண்டும். மெதுவாகச் சுற்றுவது, ஆகவே 5.38 கிரவுன் பினியனோடு ஓடினால் சமவெளியில் வேகமே எடுக்காது. இத்தனைக்கும் விடை கண்டவர் பொறியியற் கல்லூரி கண்டவரல்லர். நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் கூடங்களிலும் சேலத்துப் பட்டறைகளிலும் சிறுவயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துப் பழகியவர்களே, எந்த வண்டியின் கிளட்ச் எந்த எஞ்சினுக்கு உட்காரும், எந்த டிராக்டரின் ரேடியேட்டர் எந்த முகப்பில் அடங்கும் என்று கண்டுபிடித்தனர். கிடைக்காத உதிரி பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருந்தது. பிரிக்கப்பட்ட வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவிந்த அத்தெருக்களில், தேய்ந்த பல்சக்கரத்தை மஞ்சட்பையில் எடுத்துச் சென்று அதற்கு இணையானதைத் தேடி வாங்கி வரும் வழக்கம் இன்றும் மறையவில்லை.

இம்மலையில் பழுதுபார்ப்புக்குப் பருவம் உண்டு. அப்பருவத்தை வகுப்பது மரவள்ளி. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் உள்ளே கறுத்துக் கெடும். ஆலையில் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை போடுவதால், வழியில் வண்டி நின்ற ஒவ்வொரு பொழுதும் குடியானவனின் பணத்தில் கழியும். ஆதலால் அறுவடைக்கு முன்னரே வண்டி பட்டறைக்கு வந்துவிட வேண்டும். முதலில் பார்ப்பது எஞ்சினையன்று, பிரேக்கை. நான்கு டிரம்களையும் கழற்றி, ஷூவின் தேய்மானம் பார்த்து, வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களை மாற்றி, எண்ணெய் கசிந்த இடத்தைத் துடைத்துக் கட்டுவார்கள். நிறைபாரத்துடன் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து, ஷூவின் பிடி தளர்ந்து, மிதி அடிவரை இறங்கியும் வண்டி நில்லாது. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது ஓட்டுநர்களுக்குள் மீறப்படாத பிரமாணம். பிறகு கிங்பின். அதன் புஷ் தேய்ந்தால் முன்சக்கரம் தானே நடுங்கி, ஸ்டீயரிங் கையை உதறும். பின்னர் கமானின் மையப் போல்ட், யூ போல்ட்டுகள், ரேடியேட்டரின் அடைப்பு, நிப்பிள் தோறும் கிரீஸ். இறுதியாகவே நாசில் சோதனையும் வால்வு இடைவெளியும். அவலட்சணமான பெயிண்ட்டுடன் ஓடும் வண்டியைக் கண்டு முகஞ்சுளிக்கும் பிரயாணி, அதன் பிரேக் டிரம் கண்ணாடியாகக் கடையப்பட்டிருப்பதை அறியமாட்டார்.

இதைச் சொல்லும்போது துயரமான பக்கத்தை மறைத்தல் நியாயமன்று. பஸ் குறைவான மலையில் மூட்டைகளின் மேல் ஆட்களும் ஏறினர். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் சட்டவிரோதமாயினும் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணுக்கும் காய்ச்சல் கண்ட குழந்தைக்கும் வேறு வாகனம் இருந்ததில்லை. கவிழ்ந்த வண்டிகளும் உண்டு, மாண்டவர்களும் உண்டு. அக்குற்றத்தை ஓட்டுநர்மேல் மாத்திரம் சுமத்தி, சாலையும் பஸ்ஸும் தாமதித்த காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பதிவுப் புத்தகத்தில் கண்டபடியன்றி அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கக் கூடாதென விதித்தது; எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாள், பழைய வண்டிக்காரனுக்குப் பரீட்சை நாளாயிற்று. 2005-இல் வந்து, குட்டியானை என்று மக்கள் பெயரிட்டுக்கொண்ட டாட்டா ஏஸும், பின்னர் பொலேரோ பிக்கப்பும் கிழங்கு மூட்டையின் பெரும்பங்கைத் தாமே ஏற்றுக்கொண்டன. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 என்னும் புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் எஞ்சினின் நோயைச் சொல்லக் கணினி வேண்டும். அடிவாரத்துப் பட்டறையில் காதை வைத்து நோயறிந்த முதியவருக்கு அங்கே வேலையில்லை. 2022 ஏப்ரலில் பதினைந்து வயது கடந்த வண்டிகளுக்கு மறுபதிவுக் கட்டணம் உயர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பதினைந்து ஆண்டு கடந்த சர்க்கார் வண்டிகளின் பதிவு செல்லாதாகி, அவை உடைக்கும் கூடத்துக்கே செல்ல வேண்டுமென்றாயிற்று. இலாகாவிடமிருந்து ஏலத்துக்கு, ஏலத்திலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து மலைக்கு என்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவந்த நீரோட்டம் ஊற்றுக்கண்ணிலேயே அடைபட்டது. புகையையும் விபத்தையும் எண்ணினால் அவ்விதியில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நீரோட்டத்தின் நினைவும் அதனோடு அடைபட்டுவிடக் கூடாது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்துக்கென ஒரு சரித்திரம் எழுதப்படும் காலம் இது. அதை எழுதுவோர் ஜாகிர் ஒழிப்பின் ஆவணங்களைத் தேடுவதோடு நில்லாமல், கச்சிராயபாளையத்திலும் சின்னசேலத்திலும் இன்னும் பட்டறை நடத்தும் முதியவர்களிடம் உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டுமென விரும்புகிறேன்: முதல் டீசல் மாற்று யார் கையால் நடந்தது, எந்த இலாகா ஜீப் எவ்வூர்க் கிழங்கைச் சுமந்தது, நீட்டிய சேசிஸுக்குப் பட்டையின் கனம் எவ்வளவு கொடுத்தார்கள், மலையில் நடுவழியில் ஆக்ஸில் முறிந்த வண்டியை அங்கேயே எப்படிச் சரிசெய்து இறக்கினார்கள்.