அட்மிரல் இல்லாத கப்பல்

கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி தலைமைச் சமையல்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால் அந்த வீடு எப்படி இருக்கும்? 1996 நவம்பரில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் சான் அன்டோனியோ நகரம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் தொடங்குகிறது. ஊரின் செல்ல அணியான ஸ்பர்ஸுக்கு உயிர்நாடியாக இருந்த டேவிட் ராபின்சன் முதுகுவலியால் ஆட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ராபின்சன் சாதாரண ஆசாமி இல்லை. ஏழடி ஒரு அங்குல உயரம். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் கணிதம் படித்தவர். அதனால்தான் 'அட்மிரல்' என்று பட்டப்பெயர். 1987-ல் ஸ்பர்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் கடற்படையில் வேலை பார்த்தாக வேண்டுமே! அவர் அதை முடித்துவிட்டு வரட்டும் என்று அணி இரண்டு வருஷம் காத்திருந்தது. காத்திருந்தது வீண் போகவில்லை. 1988-89 சீசனில் 82 ஆட்டங்களில் 21-ல் மட்டும் ஜெயித்த அணி, அவர் வந்த அடுத்த சீசனில் 56 ஆட்டங்களை ஜெயித்தது. 1994-ல் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளிகள் எடுத்தார். 1995-ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

அப்படிப்பட்டவர் இல்லை என்றதும் கப்பல் ஆட ஆரம்பித்தது. கூடவே இன்னொரு நல்ல ஆட்டக்காரரான சக் பெர்சனுக்கும் முதுகுக் கோளாறு. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை. ஷான் எலியட்டுக்கு முழங்கால் தொல்லை. முதல் 18 ஆட்டங்களில் மூன்றே மூன்று வெற்றி!

இந்த மாதிரி சமயத்தில் யார் தலை உருளும்? கோச் தலைதான். பாப் ஹில் அதற்கு முந்தைய இரண்டு சீசன்களில் 62, 59 என்று வெற்றிகளைக் குவித்துக் கொடுத்தவர். காயத்துக்கு அவர் என்ன செய்வார், பாவம்! ஆனாலும் டிசம்பர் 10-ம் தேதி அவரை வீட்டுக்கு அனுப்பினார் பொது மேலாளர் கிரெக் போபோவிச். அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார் தெரியுமா? தன்னையே!

ராபின்சன் குணமாகித் திரும்பி வருகிற அதே நேரத்தில் நடந்த வேலை இது. "நட்சத்திரம் இல்லாதபோது தோற்றதெல்லாம் ஹில் கணக்கில்; நட்சத்திரம் வந்தபிறகு ஜெயிக்கப்போவது இவர் கணக்கிலா?" என்று ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது இல்லையா?

ஆனால் விதி போபோவிச்சையும் பார்த்துச் சிரித்தது. திரும்பி வந்த ராபின்சன் ஆறே ஆறு ஆட்டங்கள்தான் ஆடினார். டிசம்பர் 23-ம் தேதி மயாமிக்கு எதிரான ஆட்டத்தில் இடது பாத எலும்பு முறிந்தது. சீசன் முடிந்தது அவருக்கு.

மிச்சமிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கிரீஸ் நாட்டில் ஆடிவிட்டு வந்திருந்த டொமினிக் வில்கின்ஸ், 37 வயதில் அணியிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார். அந்தக் காலத்து ஹீரோ, தன்னால் முடிந்த மட்டும் தள்ளினார். முடியவில்லை. கடைசிக் கணக்கு: 20 வெற்றி, 62 தோல்வி. ஸ்பர்ஸ் வரலாற்றிலேயே மிக மோசமான சீசன்.

இந்த இடத்தில் அமெரிக்கக் கூடைப்பந்தின் ஒரு விசித்திரமான விதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மோசமாகத் தோற்கிற அணிகளுக்கு, அடுத்து வருகிற புதிய ஆட்டக்காரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. நோஞ்சான் பிள்ளைக்கு முதல் கவளம் என்கிற மாதிரி. ஆனால் வேண்டுமென்றே தோற்றுவிட்டு வந்து நின்றால்? அதற்காகத்தான் 1985-ல் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். அதிகம் தோற்றவருக்கு வாய்ப்பு அதிகம். உத்தரவாதம் மட்டும் கிடையாது.

அதனாலேயே ஸ்பர்ஸ் மீது ஒரு சந்தேகம் இன்றுவரை உண்டு. 'ராபின்சன் மார்ச், ஏப்ரலில் வந்திருக்க முடியாதா? வேண்டுமென்றேதானே உட்கார வைத்தார்கள்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முறிந்த பாதமும், அதற்கு முன்பே பழுதான முதுகும் நிஜம். தோற்றுக்கொண்டிருக்கிற சீசனுக்காக 31 வயது ஆட்டக்காரரைப் பணயம் வைக்க அணிக்குக் காரணமில்லை என்பதும் நிஜம். தோல்வியில் லாபம் இருந்தது என்பதும் நிஜம்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

1997 மே 18. குலுக்கல் நாள். எல்லாரும் கண் வைத்திருந்தது ஒரே பையன் மீது. டிம் டங்கன். கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் குரோய் தீவுக்காரர். சின்ன வயதில் நீச்சல் வீரர். 1989-ல் ஹ்யூகோ சூறாவளி தீவின் நீச்சல் குளத்தை நாசமாக்கியது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால் சுறா பயம்! அடுத்த வருஷம் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார். பையன் கூடைப்பந்துக்கு வந்தது அதற்கப்புறம்தான். படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, கோடிகள் காத்திருந்தும் நான்கு வருஷம் கல்லூரியிலேயே இருந்தவர்.

அவரை அள்ளப்போவது பாஸ்டன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 67 தோல்வி, போதாததற்கு குலுக்கலில் இரண்டு இடங்கள். வந்தது சான் அன்டோனியோ. பாஸ்டனுக்கு மூன்றாவதும் ஆறாவதும்.

இதோடு கதையை முடித்து, 'கால் உடைந்ததில் வந்த யோகம்' என்று சொல்லிவிடுவார்கள் பலர். ஆனால் யோசியுங்கள். நீங்கள் எட்டு வருஷமாக அந்த வீட்டின் ராஜா. அடிபட்டுப் படுத்து எழுந்து வந்தால், உங்கள் இடத்தில் ஆடக்கூடிய 21 வயதுக்காரன் வாசலில் நிற்கிறான். உங்களுக்கு எப்படி இருக்கும்? எத்தனை அணிகள் இந்த ஒரு இடத்தில் உடைந்து சிதறியிருக்கின்றன!

ராபின்சன் என்ன செய்தார்? அந்தக் கோடையில் டங்கனைக் கொலராடோவுக்கு அழைத்தார். இருவரும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். அப்புறம் களத்தில் மெல்ல மெல்ல ஒதுங்கிக் கொடுத்தார். காயத்துக்கு முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு சராசரியாக 25 புள்ளிகள் எடுத்தவர், 1998-99-ல் எடுத்தது 15.8. தடுப்பதும் பந்தைப் பறிப்பதும் தன் வேலை, புள்ளி எடுப்பது சின்னவன் வேலை என்று பங்கு பிரித்துக்கொண்டார்.

பலன்? முதல் வருஷமே 20 வெற்றி 56 ஆனது. 1999 ஜூன் 25-ம் தேதி நியூயார்க்கில், நிக்ஸ் அணியை 78-77 என்று வென்று ஸ்பர்ஸ் தன் முதல் கோப்பையைத் தூக்கியது. டங்கனை அணி தேர்ந்தெடுத்ததும் 1997-ல் இதே ஜூன் 25-ம் தேதிதான்!

2003 ஜூனில் இரண்டாவது கோப்பையோடு விடைபெற்றார் ராபின்சன். 37 வயதில், கடைசி ஆட்டத்தில் 13 புள்ளி, 17 ரீபவுண்ட். டங்கன் மொத்தம் ஐந்து கோப்பைகள் வென்றார். ஊரே திட்டிய போபோவிச் 2025 வரை அதே நாற்காலியில் உட்கார்ந்து, லீகிலேயே அதிக வெற்றி கண்ட கோச் ஆனார்.

பாப் ஹில்? 2006-ல் சியாட்டில் அணிக்குக் கோச் ஆனார். ஒரு வருஷத்துக்குச் சற்றே கூடுதலாக அங்கே இருந்தார். கோப்பை எதுவும் வரவில்லை.