கைனேஸ் சமிக்ஞையும் நினைவும்

புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் செயலை மாற்றும் நொதிகள் கைனேஸ்கள். நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் வலுப்பெறுவதும் தளர்வதும் பெருமளவு இவற்றைப் பொறுத்தவை. நினைவின் அடிப்படை எனக் கருதப்படும் நீடித்த வலுப்பெறலை பிளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் முயல் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் கண்டு 1973இல் விவரித்தனர்.

இந்த வலுப்பெறலில் முதன்மையான கைனேஸ் காம்கைனேஸ்-2. பெரும்பாலும் 12 துணையலகுகள் கொண்டது. சினாப்ஸிலுள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற புரதம் வழியாகக் கால்சியம் நுழைந்ததும் விழிக்கிறது. அண்டைத் துணையலகின் 286ஆம் இடத்துத் திரியோனினில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பிறகு கால்சியம் வடிந்தாலும் ஓரளவு இயங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றை அமினோ அமிலத்தை மாற்றிய சுண்டெலிகள் நீரில் மறைந்த மேடையின் இடத்தைக் கற்கத் தவறின (1998). திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தில் ஆர். வி. ஓம்குமார் குழு இந்நொதி என்எம்டிஏ ஏற்பியோடு பிணைவதை ஆராய்ந்துள்ளது.

நொடிகளில் முடியும் தூண்டல் நெடுநேரம் தங்குவது எப்படி? பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உபிந்தர் பல்லா, நியூயார்க்கின் ரவி ஐயங்காருடன் 1999இல் 'சயன்ஸ்' இதழில் கணினி மாதிரி ஒன்றை வெளியிட்டார். புரதக் கைனேஸ்-சி, மேப் கைனேஸ் இரண்டும் ஒன்றையொன்று தூண்டும் சுழலில், வரம்பைக் கடந்த தூண்டல் நின்றபின்னும் செயல் அணையவில்லை. மின்விளக்கு விசையைப் போல. நினைவு ஆய்வில் இந்தியாவிலிருந்து வந்த மிக முக்கியமான கருத்துகளுள் இதுவும் ஒன்று.

எனினும் நினைவை ஒரே மூலக்கூறில் தேடுவது சரியன்று. நினைவுக் காவலாகக் கருதப்பட்ட பிகேஎம்-ஸீட்டா என்ற கைனேஸ் இல்லாத சுண்டெலிகளும் கற்று நினைவில் வைத்ததை 2013இல் இரு ஆய்வுகள் காட்டின.