செயல்வழிக் கற்றல் (தமிழ்நாடு)

செயல்வழிக் கற்றல் என்பது, மாணவர்கள் அட்டைகள், கற்றல் கருவிகள், விளையாட்டுகள், குழுச் செயல்பாடுகள் ஆகியவற்றின் வழியாகத் தத்தம் வேகத்தில் கற்கும் வகுப்பறை முறையாகும். தமிழ்நாட்டில் இது 2003 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கப்பட்டது. 2007-2008 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. நடுநிலை வகுப்புகளுக்கு இதனையொட்டிப் படைப்பாற்றல் கல்வி என்னும் முறை உருவாக்கப்பட்டது.

கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களுக்குக் கற்பித்த பட்டறிவு இம்முறையின் வேர்களுள் ஒன்றாகும். அதனால் பள்ளிக்குத் தாமதமாக வந்த குழந்தையும், இடையில் நின்று மீண்டும் வந்த குழந்தையும் தான் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு இதில் இடமளிக்கப்பட்டது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறார் உழைப்பு நெடுங்காலம் நிலவிய சிவகாசி, விருதுநகர் வட்டாரத்திற்கு இக்கூறு தனிப் பொருத்தம் உடையது.

முன்னோடிகள்

கையால் செய்து கற்கும் கல்வி இந்தியாவுக்குப் புதிதன்று. 1937 ஆம் ஆண்டில் வார்தாவில் நடைபெற்ற கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தை தானே எடுத்துக் கையாண்டு கற்கும் கருவிகள் அவரது முறையின் அடிப்படையாகும்.

ஆங்கிலேயரான டேவிட் ஆர்சுபரோ 1972 ஆம் ஆண்டில் கருநாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்னும் பள்ளியைத் தொடங்கினார். வெவ்வேறு வயதினர் ஒரே அறையில் அமர்ந்து கற்ற அப்பள்ளியில் தேர்வும் தண்டனையும் இல்லை.

ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிசிவேலிப் பள்ளியின் கல்வி வள மையம், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் துணைப்பள்ளிகளை நடத்தியது. பத்மநாப ராவ், ராமா ஆகியோர் அங்குப் பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, அட்டைகளாகவும் கற்றல் ஏணியாகவும் வடிவமைத்தனர். ஓர் ஆசிரியரே பல வகுப்புகளையும் கவனிக்க வேண்டிய பள்ளிகளுக்கு இது ஏற்றதாக அமைந்தது. 1995 ஆம் ஆண்டில் மைசூர் மாவட்டம் எக்கடதேவன கோட்டையில் தொடங்கிய நலி-கலி திட்டமும் இதனைப் பின்பற்றியதாகும். தென்னமெரிக்க நாடான கொலம்பியாவில் 1970களில் உருவான எசுக்குவேலா நுவேவா என்னும் சிற்றூர்ப் பள்ளி முறையும் இத்தகைய ஒன்றே.

தமிழ்நாட்டில் தோற்றம்

வேலூர் மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய எம். பி. விஜயகுமார், அங்குக் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களின் கல்வியில் ஈடுபாடு காட்டினார். பின்னர் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003 ஆம் ஆண்டில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை தொடங்கப்பட்டது. மாநகராட்சி ஆசிரியர்கள் ரிசிவேலிக்குச் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பி, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திற்கு ஏற்ப அட்டைகளைத் தாங்களே உருவாக்கினர்.

விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநர் ஆனபின் இம்முறை மாநில அளவில் எடுத்துச் செல்லப்பட்டது. முதலில் ஒவ்வோர் ஒன்றியத்திலும் சில மாதிரிப் பள்ளிகளிலும், பின்னர் 2007-2008 கல்வியாண்டில் ஏறத்தாழ 37,000 பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. குழந்தை தன் அறிவைத் தானே கட்டமைத்துக் கொள்கிறது என வலியுறுத்திய தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 இதற்குக் கொள்கை அளவில் துணை நின்றது.

வகுப்பறை அமைப்பு

இவ்வகுப்பறையில் விசுப்பலகைகள் இல்லை. ஆசிரியரும் மாணவர்களும் பாயில் வட்டமாக அமர்வர். வகுப்பறையின் முதன்மையான கூறுகள் வருமாறு:

- கற்றல் ஏணி: ஒரு பாடத்தின் படிகள் அனைத்தையும் வரிசையாகக் காட்டும் படம். சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்.
- அட்டைகள்: ஒவ்வொரு படிக்கும் உரிய செயலைக் கொண்டவை. அலமாரித் தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் இலச்சினையும் எண்ணும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் இவற்றைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துக்கொள்ளும்.
- கீழ்மட்டக் கரும்பலகை: சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கப்படும்.
- கம்பிப் பந்தல்: தலைக்கு மேல் கட்டிய கம்பிகள். மாணவர்களின் ஓவியங்களும் கைவேலைகளும் இதில் தொங்கவிடப்படும்.
- அடைவு அட்டவணை: ஒவ்வொரு மாணவரும் எந்தப் படியில் இருக்கிறார் என்பதைக் காட்டுவது.

வருகைப் பதிவையும் அன்றைய வானிலையையும் மாணவர்களே குறித்தனர்.

கற்கும் வழி

பாடத்தின் ஓர் அலகு முடியும் இடம் மைல்கல் எனப்படும். ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்ற வரிசையில் அட்டைகள் அமையும். மதிப்பீட்டில் தேறாத குழந்தைக்குக் குறைதீர் அட்டைகள் தரப்படும். அக்குழந்தை தோல்வியுற்றதாகக் கருதப்படுவதில்லை.

மாணவர்கள் தாம் எடுத்த அட்டைக்கு ஏற்பப் பின்வரும் ஆறு குழுக்களுள் ஒன்றில் அமர்வர்:

1. ஆசிரியரின் முழுத் துணையுடன் கற்கும் குழு
2. ஆசிரியரின் பகுதித் துணையுடன் கற்கும் குழு
3. சக மாணவரின் முழுத் துணையுடன் கற்கும் குழு
4. சக மாணவரின் பகுதித் துணையுடன் கற்கும் குழு
5. தானே கற்கும் குழு
6. மதிப்பீட்டுக் குழு

குழுக்கள் நிலையானவை அல்ல. ஒரு குழந்தை ஒரே நாளில் இரண்டு மூன்று குழுக்களுக்கு மாறலாம். வெவ்வேறு வகுப்பு மாணவர்கள் ஒரே குழுவில் சேர்ந்திருப்பதும் இயல்பாகும்.

எடுத்துக்காட்டாக, தமிழ்ப் பாடத்தில் நெடுங்கணக்கு வரிசை பின்பற்றப்படவில்லை. எழுதுவதற்கு எளிய ட, ப, ம போன்ற எழுத்துகள் முதலில் வரும். அவற்றைக் கொண்டே படம், மடம் முதலான சொற்களைக் குழந்தை தொடக்கத்திலேயே படித்துவிடும். கணக்கில், பத்துக் குச்சிகளைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டுவதன் வழியாக இடமதிப்பு விளங்கும். 23 என்பது இரண்டு கட்டுகளும் மூன்று உதிரிக் குச்சிகளும் ஆகும்.

படைப்பாற்றல் கல்வி

நடுநிலை வகுப்பு மாணவர்கள் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்கள். எனவே அவர்களுக்கான முறை பாடநூலை அடிப்படையாகக் கொண்டது. ஆசிரியர் பாடத்தை முன்கூட்டியே விளக்கிவிடாமல், மாணவர்களே பின்வரும் படிகளில் அதனை அணுகுவர்:

1. மாணவர் முன்பே அறிந்தவற்றை நினைவூட்டும் அறிமுகம்
2. பாடப்பகுதியைப் படித்து அருஞ்சொற்களை அடிக்கோடிடுதல்
3. படித்ததை மனவரைபடமாக வரைதல்
4. சிறு குழுவில் கலந்துரையாடித் தொகுத்தல்
5. வகுப்பு முழுமைக்கும் வழங்குதல்
6. சொந்த நடையில் எழுதுதல்
7. மதிப்பீடு

ஒரே பாடத்திற்கு ஒவ்வொரு மாணவரும் வரையும் மனவரைபடம் வேறுபடும். எங்கே புரிதல் குறைந்துள்ளது என்பதை ஆசிரியர் அதிலிருந்தே அறியலாம். அறிவியல் பாடத்தில் சோதனைகளைக் குழுவாகச் செய்து பார்ப்பதும் இம்முறையில் அடங்கும்.

விருதுநகர் மாவட்டமும் இம்முறையும்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் ஆமத்தூர். மழை குறைந்த கரிசல் நிலமும் பட்டாசு ஆலைகளும் கொண்ட பகுதி இது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பின், வேளாண்மை பொய்த்த இவ்வட்டாரத்தின் முதன்மையான வாழ்வாதாரமாகத் தீப்பெட்டியும் பட்டாசும் மாறின. தீக்குச்சிகளைச் சட்டங்களில் அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் போன்ற பணிகளுக்கு எண்ணிக்கைக்கேற்ற கூலி தரப்பட்டது. விரைவான சிறு விரல்கள் கூடுதலாகச் செய்தன. அதனால் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாமல் ஆலைக்கும் வீட்டுவேலைக்கும் சென்றனர்.

1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடைசெய்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 திசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சிவகாசி நிலையை ஆராய்ந்து தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளிப்பவர் 20,000 ரூபாயை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தையின் கல்வியை உறுதிசெய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் நடத்தப்பட்ட சிறப்புப் பள்ளிகள், மீட்கப்பட்ட குழந்தைகளை முறைப்பள்ளிகளுக்கு ஆயத்தப்படுத்தின.

சட்டம் குழந்தையைப் பள்ளி வாயில் வரை கொண்டுவர இயலும். உள்ளே அக்குழந்தை நிலைப்பது வகுப்பறையைப் பொறுத்தது. பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் சிறுமியை ஆறு வயதினருடன் அமர்த்தினால் அவள் நாணுவாள். ஐந்தாம் வகுப்பில் அமர்த்தினால் பாடம் விளங்காது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பெற்றோரின் வேலை மிகுவதால், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவதும் உண்டு. அனைவருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம் நடத்தப்படும் வகுப்பில், இரண்டு வாரம் வராத குழந்தை பின்தங்கிப் பின்னர் நின்றே விடுகிறது. ஏணி முறையில் அதே குழந்தை திரும்பி வந்து, தான் விட்ட அட்டையை எடுத்துத் தொடரலாம். மாநிலந் தழுவிய விரிவாக்கத்தின்போது இவ்வட்டாரப் பள்ளிகளுக்கும் இம்முறை வந்தது.

எனினும், குழந்தைத் தொழிலாளர் முறை குறைந்தமைக்குச் செயல்வழிக் கற்றலை மட்டும் காரணமாகக் கூற இயலாது. காமராசர் ஆட்சிக்காலத்திலிருந்து வளர்ந்த மதிய உணவுத் திட்டம், சட்ட நடவடிக்கைகள், இயந்திரமயமாக்கம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

குறைகளும் விமரிசனங்களும்

- மாணவர் எண்ணிக்கை மிகுந்த வகுப்பில் ஒவ்வொருவரின் படியையும் கண்காணிப்பது ஆசிரியருக்குப் பெருஞ்சுமையாகும்.
- அட்டைகள் கிழிந்தோ தொலைந்தோ போனால் ஏணி அறுபடும். அவற்றை உடனுக்குடன் மாற்ற வேண்டும்.
- மேலிருந்து ஒரே வடிவில் புகுத்தப்பட்டமையால், ஆசிரியர் தாமாக மாற்றங்கள் செய்வதற்கான இடம் குறைந்தது.
- பாடநூலும் வீட்டுப்பாடமும் குறைந்ததைக் கண்ட பெற்றோர் சிலர், பிள்ளைகள் விளையாடிப் பொழுது போக்குவதாகக் கருதினர்.
- அட்டைச் செயல்களைக் கடமைக்கு முடித்து அடுத்த படிக்கு நகரும் போக்கும் காணப்பட்டது. அவ்வாறான இடங்களில் குழந்தை ஏணியில் ஏறியது, ஆனால் கற்கவில்லை.

பிற்கால மாற்றங்கள்

2012-2013 கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையும் நடைமுறைக்கு வந்தபின் அட்டைகள் பாடநூலுடன் இணைக்கப்பட்டு எளிமையாக்கப்பட்டன. 2018 முதல் புதிய பாடநூல்கள் வெளிவந்தபின் பழைய ஏணி முறை படிப்படியாக வழக்கிழந்தது.

கோவிட்-19 பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2022 சூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புக் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் எனத் தத்தம் கற்றல் நிலைக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டு, பாடல், கதை, கைவேலை ஆகியவற்றின் வழியாகக் கற்றனர். 2023-2024 கல்வியாண்டில் இது நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அட்டைகளும் ஏணியும் மறைந்தாலும், வயதை விடக் கற்றல் நிலையே கற்பித்தலின் தொடக்கப் புள்ளி என்னும் கருத்து இத்திட்டத்திலும் தொடர்ந்தது.

இவற்றையும் பார்க்க

- ஆதாரக் கல்வி
- மாண்டிசோரி கல்வி முறை
- அனைவருக்கும் கல்வி இயக்கம்
- எண்ணும் எழுத்தும் திட்டம்
- குழந்தைத் தொழிலாளர்
- விருதுநகர் மாவட்டம்